பழைய பிளேடு அயர்ன்களை வைத்து ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கோல்ஃப் பையில் இருக்கும் அயர்ன்களில், அதாவது உலோகத்தலை மட்டைகளில், பாதி என்னைவிட வயதில் மூத்தவை. கூட ஆட வருபவர்கள் முதல் குழியிலேயே ஒன்றை உருவிப் பார்ப்பார்கள். கத்தி முதுகு போன்ற மேல்விளிம்பைக் கட்டைவிரலால் தடவுவார்கள். பிறகு கேள்விகள் தொடங்கும். ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். திசை பற்றிய பேச்செல்லாம் வலதுகை ஆட்டக்காரர்களுக்கானது. இடதுகைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

பிளேடு என்று எதைச் சொல்கிறோம்?

தலை முழுவதும் ஒரே துண்டு எஃகு. பின்புறத்தில் குடைவு கிடையாது. கீழ்ப்பாதி மட்டும் சற்றுத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பை வைத்துத்தான் இதற்கு 'மசில்பேக்' என்றும் ஒரு பெயர். முகம் சிறியது, அடிப்பகுதி ஒடுக்கமானது, தண்டு நுழையும் கழுத்து நீளமானது. இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 'கேவிட்டி பேக்'. பின்புறத்தைக் குடைந்து, அங்கே மிச்சமான எடையை ஓரங்களுக்குத் தள்ளிய மட்டை அது.

அந்த மாற்றத்தில் பெரும்பங்கு கார்ஸ்டன் சோல்ஹைமுடையது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், பிறகு பிங் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-இல் வந்த பிங் ஐ2 அயர்ன் பரவிய பிறகு, பிளேடு என்பது எல்லோரும் ஆடும் மட்டை என்ற நிலையிலிருந்து இறங்கி, விரும்பிச் சிலர் ஆடும் மட்டை ஆகிவிட்டது.

எவ்வளவு பழையதைப் 'பழையது' என்கிறீர்கள்?

எஃகுத் தண்டு வந்ததிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை 1924-இல் ஏற்றது. பிரிட்டனில் விதிகளை வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ 1929 வரை இழுத்தடித்தது. அதற்கு முந்தைய ஹிக்கரி மரத்தண்டு மட்டைகள் வேறு உலகம். அவற்றுக்கு வேறு வீச்சு வேண்டும், வேறு பொறுமையும் வேண்டும். ஆடுவதற்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் 1950-களிலிருந்து 1980-கள் வரை செய்யப்பட்டவற்றுள் தேடுங்கள். வில்சன் ஸ்டாஃப், மெக்ரெகர், 1953-இல் ஆட்டக்காரர் பென் ஹோகன் தன் பெயரிலேயே தொடங்கிய நிறுவனம், ஜப்பானின் மிசுனோ ஆகிய நான்கு பெயர்களுக்குள்ளேயே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான தேர்வு இருக்கிறது.

அடித்து உருவாக்கியதற்கும் வார்த்ததற்கும் கையில் வித்தியாசம் தெரியுமா?

முதலில் செய்முறை. கார்பன் குறைந்த மென்மையான எஃகுத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டி எந்திரத்தால் அடித்து வடிவம் கொண்டுவருவது 'ஃபோர்ஜிங்'. பிறகு அதைத் தேய்த்து, நிக்கல், குரோமியம் முலாம் பூசுவார்கள். வார்ப்பில் உருகிய உலோகத்தை, பெரும்பாலும் கடினமான துருப்பிடிக்காத எஃகை, அச்சில் ஊற்றுகிறார்கள். குடைவுகளும் வளைவுகளும் வேண்டுமென்றால் வார்ப்புதான் எளிது. கேவிட்டி பேக்கும் வார்ப்பும் சேர்ந்தே வளர்ந்ததற்கு அதுவே காரணம்.

இப்போது கை உணர்வு. பந்தும் முகமும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ அரை மில்லிவினாடி. கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். நாம் 'உணர்வு' என்று கொண்டாடுவதில் பெரும்பகுதி காதில் விழும் ஒலியும், அடி முடிந்தபின் தண்டு வழியே வரும் அதிர்வும்தான். ஒருநாள் காதை அடைத்துக்கொண்டு பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். 'வெண்ணெய் போல' என்ற வர்ணனை எல்லாம் பாதியாகிவிடும். அதனால் வித்தியாசம் உலோகத்தின் வகையில் இருப்பதைவிடத் தலையின் வடிவத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி. பந்து படும் இடத்துக்குப் பின்னால் கெட்டியாக எஃகு இருந்தால் ஒலி தாழ்ந்து, சுருக்கமாக முடிகிறது. மெல்லிய முகமும் குடைவும் இருந்தால் கணீரென்று கேட்கிறது. இதற்காகச் சண்டை போடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் மாறப்போவதில்லை, நானும்தான்.

மென்மையான எஃகினால் மறுக்க முடியாத நன்மை ஒன்று உண்டு: வளைக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு தூரம் குறையும்?

எல்லோரும் கேட்பது இது. பெரும்பாலும் தவறாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

அயர்ன்களில் எண் கூடக் கூட முகம் அதிகம் சாய்ந்து, மட்டை குட்டையாகி, தூரம் குறையும். அடிப்பகுதியில் பொறித்திருக்கும் அந்த எண்ணை ஒரு கணம் மறந்துவிடுங்கள். 1960-களின் வரிசை ஒன்றில் 5-அயர்னின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 31 அல்லது 32 டிகிரி இருக்கும். 7-அயர்ன் 39 அல்லது 40. 9-அயர்னுக்கு அடுத்து வரும் குட்டைத் தூர மட்டையான பிட்சிங் வெட்ஜ் 50-ஐத் தாண்டும். இன்று தூரத்துக்கென்று விற்கும் 7-அயர்ன்கள் 30 டிகிரிக்குள்ளேயே வந்துவிட்டன. வெட்ஜ் 43, 44 என்று நிமிர்ந்து நிற்கிறது. நீளமும் அப்படியே. பழைய 5-அயர்ன் சுமார் 37½ அங்குலம். இன்றைய 7-அயர்ன் பல வரிசைகளில் 37 அங்குலம். ஆக, பழைய 5-அயர்னும் புதிய 7-அயர்னும் கிட்டத்தட்ட ஒரே கருவி. நடுவே மாறியது பொறித்த எண்.

ஆகவே 'என் 7-அயர்ன் 150 யார்டு போகும். பழையதில் 130தான் போகிறது, 20 யார்டு போய்விட்டது' என்று வருந்துவது, பழைய நாணயத்தையும் புதிய நாணயத்தையும் ஒரே மதிப்பில் எண்ணுவது போன்றது. ஒத்த லாஃப்ட்டோடு ஒத்த லாஃப்ட்டை வைத்துப் பாருங்கள். நன்றாகப் பட்ட அடிக்குச் சிறிதளவே குறையும். இன்றைய மட்டைகளின் மெல்லிய, துள்ளும் முகம் சேர்த்துத் தரும் தூரம் பழையதில் கிடைக்காது. அது உண்மையான இழப்புதான். நன்றாகப் படாத அடிக்கு என்ன ஆகும் என்பது வேறு கதை.

முதல் நாளே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு அயர்னிலும் பத்துப் பந்து அடித்து, நடுத்தரமான அடி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்த அடியைக் குறிக்காதீர்கள். மைதானத்தில் அந்தச் சீட்டை நம்புங்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன எண் எடுக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதை நிறுத்தினாலே பாதித் தவறுகள் போய்விடும்.

தவறாகப் பட்டால் என்ன ஆகும்?

பந்து எடைமையத்துக்கு நேரே படாமல் விலகிப் பட்டால் தலை திருகிக்கொள்ளும். ஓரங்களில் எடை இருக்கும் மட்டை அந்தத் திருகலை எதிர்த்து நிற்கும். நடுவில் எடை குவிந்த பிளேடு எளிதில் திருகிவிடும். அரை அங்குலம் விலகினாலே பந்து குட்டையாக விழும், கை கடுக்கும். குளிர்ந்த காலை வேளையில் 3-அயர்னின் நுனியில் பந்தைப் பட வைத்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று. பழைய பிளேடுகளின் கழுத்து நீளமாகவும் கனமாகவும் இருப்பதால், எடைமையம் முகத்தின் நடுவே இராது. குதிகால் பக்கம், அதாவது தண்டின் பக்கம், தள்ளி இருக்கும். முகத்தில் இருக்கும் கோடுகளின் நடுவைக் குறிவைத்து அடித்தால் நீங்கள் ஏற்கெனவே நுனிப்பக்கம் விலகிவிட்டீர்கள். நன்றாக ஆடியவர் வைத்திருந்த பழைய அயர்னைப் பார்த்தால், ஒரு நாணய அளவுக்குத் தேய்ந்த வட்டம் குதிகாலை ஒட்டியே இருக்கும். அந்த வட்டம்தான் உங்களுக்கு வழிகாட்டி. பந்தை நிறுத்தும்போது தலையை ஒரு விரல்கடை வெளியே வையுங்கள். எனக்கு இது புரிய ஓராண்டு ஆனது.

என் ஹேண்டிகேப் 18-க்கு மேல். எனக்கு இதெல்லாம் சரிப்படுமா?

ஹேண்டிகேப் என்பது ஆட்டத்திறனைக் காட்டும் எண்; கூடக் கூடத் திறன் குறைவு என்று பொருள். சரிப்படும், ஸ்கோர் கூடுவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். 'பிளேடு உன் வீச்சைத் திருத்திவிடும்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது தவறை உடனே சொல்லும், திருத்துவது உங்கள் வேலை. புதிய மட்டையில் சுமாராகப் பட்ட பந்தும் குழியைச் சுற்றியுள்ள பச்சைப் பகுதியின் ஓரத்துக்காவது போய்விடுவதால், சுமாராக அடித்தோம் என்பதே தெரியாமல் போகிறது. பிளேடில் அந்த மறைவு கிடையாது. சிலருக்கு அது உற்சாகம், சிலருக்கு வதை.

இடைவழி ஒன்று உண்டு. 7-அயர்னிலிருந்து வெட்ஜ் வரை பழையதை வைத்துக்கொண்டு, நீள மட்டைகளுக்கு உங்கள் வழக்கமான ஹைபிரிட்களையே, அதாவது நீள அயர்னுக்குப் பதிலாக வந்த தடித்த தலை மட்டைகளையே, வைத்துக்கொள்ளுங்கள். குட்டை அயர்ன்களில் பிளேடு பயமுறுத்தும் அளவுக்குக் கடினமில்லை. முன்னால் இருக்கும் டீயிலிருந்து, அதாவது குழிக்கு அருகிலிருக்கும் தொடக்க இடத்திலிருந்து, ஆடுவதில் வெட்கப்படவும் தேவையில்லை. பின் டீயிலிருந்து ஆடினால் ஒவ்வொரு குழிக்கும் 2-அயர்ன் எடுக்க நேரும். அது ஆட்டமில்லை, தண்டனை.

முக்கால் வீச்சு போதும் என்கிறார்களே?

போதும். பந்தை மேலே தூக்கிவிட முயலாதீர்கள்; லாஃப்ட் அதைப் பார்த்துக்கொள்ளும். முதலில் பந்து, பிறகு புல்.

மட்டை மண்ணுக்குள் புதைந்துவிடுகிறதே?

அடிப்பகுதி ஒடுங்கி, முன்விளிம்பு கூராக இருப்பதால் அப்படி. 'பவுன்ஸ்', அதாவது அடிப்பகுதி தரையில் வழுக்கிச் செல்ல உதவும் கோணம், பல பழைய அயர்ன்களில் இல்லவே இல்லை. சிலவற்றில் எதிர்த்திசையிலும் இருக்கும். கெட்டியான, வறண்ட தரையில் இந்த மட்டைகள் அற்புதமாகப் புல்லைச் சீவும். மழை பெய்து ஊறிய தரையில் மண்வெட்டி ஆகிவிடும். அப்படிப்பட்ட நாளில் பந்தை அரை அங்குலம் முன்னால் வைத்து, எண் ஒன்று குறைந்த, நீளமான மட்டையை எடுத்து, மெல்லத் துடைப்பதுபோல் அடிக்கிறேன்.

பழைய வரிசையின் சாண்ட் வெட்ஜை, அதாவது மணற்குழிக்கான மட்டையை, மட்டும் கூசாமல் மாற்றிக்கொள்ளலாம். ஆட்டக்காரர் ஜீன் சராசன் 1930-களின் தொடக்கத்தில், வெட்ஜின் அடிப்பகுதியில் உலோகம் சேர்த்துத் தடிப்பாக்கியதுதான் இன்றைய சாண்ட் வெட்ஜின் தாய். 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அதை வைத்து வென்றார். அந்த யோசனை அதன் பிறகு நிறைய மேம்பட்டிருக்கிறது. மணற்குழியில் பழமைப் பற்று எதற்கு?

1-அயர்ன் வாங்கலாமா?

சுவரில் மாட்டுவதற்கு, தாராளமாக.

அதன் புகழ் இரண்டு அடிகளில் நிற்கிறது. சாலை விபத்தில் நொறுங்கிய உடம்போடு, பதினாறு மாதம் கழித்து, 1950 அமெரிக்க ஓப்பனில் மெரியான் மைதானத்தின் கடைசிக் குழியில் பென் ஹோகன் அடித்தது ஒன்று. அந்த அடியால் சமநிலை பெற்று, மறுநாள் நடந்த ஆட்டத்தில் வென்றார். அதன் பிறகு அந்த 1-அயர்ன் திருட்டுப் போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பிவந்தது. இப்போது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று 1972-இல், பெபிள் பீச்சின் 17-ஆம் குழியில் எதிர்காற்றில் ஜாக் நிக்லாஸ் அடித்தது. பந்து கொடிக்கம்பில் மோதிக் குழிக்குப் பக்கத்திலேயே நின்றது.

இடிமழையில் மாட்டிக்கொண்டால் 1-அயர்னைத் தூக்கிப் பிடியுங்கள், கடவுளாலும் 1-அயர்னை அடிக்க முடியாது என்று ஆட்டக்காரர் லீ டிரெவினோ கேலி செய்வார். அவரே 1975-இல் ஒரு போட்டியில் மின்னல் தாக்கி உயிர் தப்பியவர் என்பதால் அந்தக் கேலியில் சற்றே உரிமை உண்டு. என்னிடமும் ஒரு 1-அயர்ன் இருக்கிறது. ஐந்து முறை சரியாகப் பட்டிருக்கிறது. ஐந்தும் நினைவிருக்கின்றன.

பந்தும் பழையதாக இருக்க வேண்டுமா?

வேண்டாம். ரப்பர் நூல் சுற்றி, பலாட்டா என்ற மென்மையான ரப்பர் போன்ற பொருளால் உறை போட்ட அந்தக் காலப் பந்துகள் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும், அடித்தால் ஏமாற்றம்தான். 2000-இல் டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1 என்ற பந்து வந்த பிறகு நூல் சுற்றிய பந்துகள் சில ஆண்டுகளிலேயே தொழில்முறை ஆட்டத்திலிருந்து மறைந்துவிட்டன. இன்றைய பந்து நீள அயர்ன்களில் குறைவாகச் சுழல்வதால் காற்றில் எழும்பி அலையாமல் போகிறது. பழைய மட்டைக்கு இன்றைய பந்து உண்மையில் பெரிய சலுகை. யுரேத்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக் உறை கொண்ட பந்தாகப் பாருங்கள். கல் போன்ற மலிவுப் பந்துகள் பிளேடின் ஒலியையே கெடுத்துவிடும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

என் முதல் வரிசையின் கதையைச் சொன்னால் போதும். படங்களில் பளபளத்தது, விற்றவர் 'அப்படியே ஆடலாம்' என்றார். ஆடினேன். 6-அயர்னும் 7-அயர்னும் ஒரே தூரம் போயின. 8-அயர்ன் எங்கோ பின்தங்கியது. மூன்று மாதம் என் வீச்சைக் குறை சொன்னேன், பயிற்சியாளரிடம் போனேன், பிடியை மாற்றினேன். கடைசியில் கோணமானியில் வைத்து அளந்தபோது இரண்டுக்கும் நடுவே ஒன்றரை டிகிரிதான் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையாகவே கோணலாக இருந்திருக்கிறது. மென்மையான எஃகு அறுபது ஆண்டு அடிபட்டால் வளையும். போதாக்குறைக்கு முன்பு வைத்திருந்தவர்கள் தங்கள் விருப்பத்துக்கு வளைத்திருப்பார்கள்.

எனவே வாங்கியதும் முதல் செலவு லாஃப்ட், லை (தண்டு தரையோடு சேரும் கோணம்) இரண்டையும் அளந்து வரிசைப்படுத்துவது. பார்த்து வாங்க முடிந்தால் தண்டைக் குலுக்குங்கள். உள்ளே கலகலத்தால் துரு உதிர்கிறது என்று அர்த்தம். கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் துருக்குழிகள் இருந்தால் அங்கேதான் ஒருநாள் முறியும், தலை யார் மீது பறக்கும் என்று சொல்ல முடியாது. அடிப்பகுதியை யாராவது ராவியிருக்கிறார்களா என்று எல்லா எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் தெரிந்துவிடும். 9-அயர்னும் வெட்ஜும்தான் அதிகம் தேய்ந்திருக்கும். 2-அயர்ன் எப்போதும் புதிதுபோல் இருக்கும். காரணம் உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு வரை வளைக்கலாம்?

ஒரு பக்கம் இரண்டு டிகிரி வரை அச்சமில்லை. அதற்குமேல் போனால் கழுத்தில் விரிசல் விடும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே எத்தனை முறை வளைக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

எண்களை இன்றைய எண்களோடு பொருத்துவதற்காக லாஃப்ட்டை நிமிர்த்தாதீர்கள். ஒரு டிகிரி நிமிர்த்தினால் ஒரு டிகிரி பவுன்ஸ் குறையும். இல்லாத பவுன்ஸிலிருந்து மூன்று டிகிரி கழித்தால் கையில் இருப்பது உளி. லையைத் திருத்துவதுதான் பயனுள்ளது. பழைய அயர்ன்கள் இன்றையவற்றைவிடப் படுத்தவாக்கில் இருக்கும். உயரமானவர்கள் ஆடினால் நுனி தரையில் இடித்துப் பந்து வலப்பக்கம் கிளம்பும். ஒன்றிரண்டு டிகிரி நிமிர்த்தியதும் பலருக்கு அந்த வலப்பக்க நோய் தீர்ந்துவிடுகிறது.

தண்டையும் பிடியையும் மாற்றலாமா?

பிடியை உடனே மாற்றுங்கள். காய்ந்த தோல்பிடியும் இறுகிய ரப்பரும் கையை இறுக்கிப் பிடிக்க வைக்கும். இறுகிய கையால் பிளேடை ஆட முடியாது.

தண்டு நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழுத்தின் பக்கவாட்டில் சிறு புள்ளி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பல பழைய மட்டைகளில் பசையோடு ஒரு குறுக்கு ஆணியும் அடித்திருப்பார்கள். அதைத் துளைத்து எடுக்காமல் சூடுகாட்டி இழுத்தால் கழுத்து கிழியும். அரிதான வரிசை என்றால், எதையும் தொடுவதற்கு முன் சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

துருவை என்ன செய்வது?

முலாம் போன இடத்தில் துரு வரத்தான் செய்யும். மிக நுண்ணிய எஃகு நாரும் சில சொட்டு எண்ணெயும் போதும். ஆடி முடித்ததும் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். பவர் டிரில்லில் கம்பித் தூரிகை மாட்டி முகத்தில் வைத்துவிடாதீர்கள். கோடுகளின் விளிம்பு போனால் திரும்பாது. மறுபடி முலாம் பூசலாம்தான். அதற்கு முன் பழைய முலாமை நீக்கி மெருகேற்றும்போது வடிவமும் எடையும் மாறுகின்றன. எனக்குத் தழும்புள்ள மட்டைதான் பிடிக்கும்.

போட்டியில் அனுமதிப்பார்களா?

முகத்தில் இருக்கும் கோடுகள் குறித்த புதிய அளவுகள் 2010-இல் வந்தன. அதற்கு முன் செய்யப்பட்டு, அன்றைய விதிகளுக்கு உட்பட்டிருந்த அயர்ன்களை நாம் ஆடும் சாதாரணப் போட்டிகளில் பயன்படுத்தலாம். புதிய அளவைக் கட்டாயமாக்குவது உயர்நிலைப் போட்டிகள்தான். போட்டி விதிமுறைத் தாளில் அது எழுதியிருக்கும். மேலும் பழைய பிளேடுகளில் பெரும்பாலும் V வடிவக் கோடுகள். சர்ச்சைக்கு ஆளானவை பிற்காலத்துச் சதுரக் கோடுகள். கோடுகளைக் கூராக்கும் கருவி வாங்கி நீங்களே கீறினால், அனுமதி பெற்ற மட்டை அனுமதியற்றதாகிவிடலாம்.

பயிற்சிக் களத்துப் பாயில் அடிக்கலாமா?

குறைவாக. பாய்க்குக் கீழே கான்கிரீட் இருக்கிறது. மென்மையான எஃகு, மணிக்கட்டு இரண்டுக்கும் அது நல்லதில்லை. பாய் இன்னொரு ஏமாற்றும் செய்யும்: பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும். புல்லில் அதே வீச்சு பத்து யார்டுகூடப் போகாது. கிடைத்த நேரத்தைப் புல் தரையில் செலவிடுங்கள், 8-அயர்னோடு, ஒரு கூடைப் பந்தில் பாதியோடு. முகத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு அடித்தால் பந்து எங்கே படுகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் தெரியும். ஐந்து அடிக்கு ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும்.